ஒரு வினாக்கொத்தை வாசித்தல்

கதை, கவிதை என்று விமர்சனம் எழுதிவந்த நான் இம்முறை ஒரு வினாக்கொத்தை எடுத்துக்கொண்டேன். "அதில விமர்சிக்க என்ன இருக்கு?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஊர்விட்டு, நாடுவிட்டு வந்த பிள்ளைகளின் உள நெருக்கடியைக் கண்டறிய உலகெங்கும் நீட்டப்படும் பிரதிகளில் அதுவும் ஒன்று. ஒரு பிள்ளைக்கு உதவி கிடைக்குமா என்பதே சில வேளை அதன் சொற்களில் தங்கியிருக்கிறது.

பிரித்தானிய சிறுவர் உளமருத்துவர் ரொபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட 'பலங்களும் இடர்பாடுகளும்' என்ற வினாக்கொத்து அது. மொத்தம் 25 கூற்றுகள். உண்மையில்லை, ஓரளவு உண்மை, நிச்சயமாக உண்மை என்று மூன்று விடைகள். உணர்ச்சி, நடத்தை, துறுதுறுப்பு, சகபாடிகளுடனான உறவு ஆகிய நான்கு பகுதிகளின் புள்ளிகளைக் கூட்டினால் 0 முதல் 40 வரை ஒரு தொகை வரும். பிறருக்கு உதவும் குணம் பற்றிய ஐந்தாம் பகுதி இக்கூட்டலில் சேராது. பெற்றோர், ஆசிரியர், 11 வயதைத் தாண்டிய பிள்ளை ஆகியோருக்குத் தனித்தனிப் படிவங்கள் உள்ளன. தமிழிலும் கிடைக்கிறது.

இதன் நல்ல பக்கத்தை முதலில் சொல்ல வேண்டும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிள்ளையின் குறையை மட்டுமன்றி நல்ல குணத்தையும் கேட்கிறது. தலையிடி, வயிற்றுநோவு பற்றியும் கேட்கிறது. எங்கட பிள்ளைகள் 'கவலையாக இருக்கிறது' என்று சொல்வது குறைவு. "வயித்துக்க நோகுது உம்மா" என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் இன்னொரு கூற்று கீழ்ப்படிவைப் பற்றியது. அங்கேதான் நான் நின்றுவிட்டேன். 1990 அக்டோபரில் எருக்கலம்பிட்டியிலிருந்து தோணியில் கற்பிட்டிக்கு வந்தபோது எனக்கு எட்டு வயது. கிடுகுக் கொட்டிலில் வாய் திறக்காமல் சொன்னதையெல்லாம் செய்வேனாம். "இவன் நல்ல புள்ள, ஒரு கரைச்சலும் இல்ல" என்று உம்மா அயலாரிடம் பெருமைப்படுவா. அன்று இப்படியொரு தாளை அவவிடம் கொடுத்திருந்தால் நடத்தைப் பகுதியில் என் புள்ளி பூச்சியம். பயத்தைப் பற்றிய கூற்றும் இருக்கிறதுதான். ஆனால் கடலைக் கண்டால் எனக்கு உடம்பு விறைப்பது உம்மாவுக்கே தெரியாது.

அடுத்தது காலம். கடந்த ஆறு மாதங்களை அல்லது இந்தப் பாடசாலை ஆண்டை வைத்து விடை சொல்லும்படி வினாக்கொத்து கேட்கிறது. ஒரே வீட்டில், ஒரே வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு அது பொருந்தும். ஆறு மாதத்தில் மூன்று இடம் மாறிய பிள்ளையை எந்த ஆசிரியர் அறிவார்? 'நல்ல நண்பன் ஒருவனாவது உண்டா' என்ற கேள்விக்கு, விட்டுவந்த ஊரிலுள்ள நண்பனைச் சேர்ப்பதா, விடுவதா?

இன்றைக்கு இக்கேள்விகள் ரோஹிங்கியப் பிள்ளைகளுக்கு உரியவை. 2017 ஆகஸ்டுக்குப் பிறகு 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மியன்மாரிலிருந்து பங்களாதேஷுக்குத் தப்பிவந்தனர். கொக்ஸ் பஜார் முகாம்களில் பாதிப்பேருக்கு மேல் சிறுவர்கள். 2024 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியர்களோடு ஒரு படகு எங்கள் முல்லைத்தீவுக் கரைக்கே வந்தது. அதிலும் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுடைய மொழி பெரும்பாலும் பேச்சில் வாழ்வது. தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்ல முடியாது, ஒருவர் வாயால் கேட்க வேண்டும். கேட்பவர் யார் என்பது விடையை மாற்றிவிடும். 'இவர் எழுதுறது நாங்க இங்க இருக்கிறதுக்கு இடைஞ்சலாகுமோ' என்று அஞ்சும் வாப்பா எல்லாவற்றுக்கும் "இல்ல, இல்ல" என்றே சொல்வார்.

வினாக்கொத்தைக் கிழித்தெறியச் சொல்லவில்லை. அது ஒரு சல்லடை; நோயை நிர்ணயிக்கும் கருவியல்ல. 1968இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் எழுதிய நெறிகளில், கண்டறியப்பட்டவருக்குச் சிகிச்சையும் அதற்கான வசதியும் இருக்க வேண்டும் என்பதும் அடங்கும். எங்கள் முகாமுக்கும் பலர் படிவத்தோடு வந்தார்கள். எழுதினார்கள், போனார்கள். திரும்பி வந்தவரை நான் காணவில்லை. "எழுதிட்டுப் போன ஆக்கள் எப்ப வருவாங்க?" என்று உம்மா கனகாலம் கேட்டுக்கொண்டிருந்தா.

ஆகவே, இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் போகும் ஆசிரியர்களுக்கும் பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் தொண்டர்களுக்கும் நான் சொல்வது இதுதான்: அவர்கள் பேசும் மொழியில் கேளுங்கள். கரைச்சல் தராத பிள்ளையிடம் இரண்டு தரம் கேளுங்கள். திரும்பி வர முடியாதென்றால் கேட்கவே வேண்டாம்.