பத்தூர் நடராசர்: மீட்பும் இருப்பிடமும்

முன்னுரை

களவுபோன திருமேனிகள் அயல்நாடுகளிலிருந்து மீட்கப்படுவது இன்று பெருஞ்செய்தியாகிறது. மீண்டபின் அவை எங்கு, எந்நிலையில் உள்ளன என்னும் வினா அவ்வளவாக எழுவதில்லை. ரிச்சர்டு டேவிஸ் 1997-இல் வெளியிட்ட 'இந்தியப் படிமங்களின் வாழ்வுகள்' எனப் பொருள்படும் ஆங்கில நூலின் கருத்தைக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது.

நூலின் கருத்தும் எல்லையும்

ஒரு படிமத்தின் பொருள் அதனை வடித்த நாளோடு முடிந்துவிடுவதில்லை. வழிபடுவோர், கவர்வோர், சேகரிப்போர், காண்போர் எனச் சூழ்வோர்க்கேற்ப அது புதுவாழ்வு பெறுகிறது என்பது டேவிஸின் கருத்து. அந்நூல் பேசும் பத்தூர் நடராசர் இதற்குத் தக்க சான்று. 1976-இல் பத்தூரில் மண்ணிலிருந்து வெளிப்பட்ட இத்திருமேனி பல கைகள் மாறிக் கடல் கடந்தது. 1982-இல் கனடா நிறுவனமொன்று அதனை வாங்கியது. செப்பனிடுதற்காகப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்தபோது இலண்டன் காவல்துறை அதனைக் கைப்பற்றியது. தொடர்ந்த வழக்கில் உரிமை கோரியோருள் பத்தூர்க் கோயிலின் சிவலிங்கமும் ஒன்று. கோயிலே வழக்காடும் தகுதியுடையது என 1991-இல் ஆங்கில மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது.

இங்கேதான் டேவிஸ் கருத்தின் எல்லை தெரிகிறது. பல வாழ்வுகளை விளக்க அக்கருத்துப் பெரிதும் உதவும். அவற்றுள் எவ்வாழ்வுக்கு முதலுரிமை என்பதை முடிவுசெய்ய அது மட்டும் போதாது. அம்முடிவை நீதிமன்றம் செய்யவேண்டியிருந்தது.

மீண்டபின்

நாடு திரும்பிய நடராசர் திருவாரூர்ச் சிலைப் பாதுகாப்பு மையத்தில் வைக்கப்பட்டார். டேவிஸின் அளவுகோலையே கொண்டு நோக்கினால், அங்கு அவரைச் சூழ்வோர் யார்? ஊரார் கூடும் கருவறையும் அன்று அது. காண்போர்க்குரிய காட்சிக்கூடமும் அன்று. காவலற்ற கோயிலுக்குத் திருப்பினால் மீண்டும் களவுபோகும் என்பர். அவ்வச்சம் பொய்யன்று. ஸ்ரீபுரந்தன் கோயில் நடராசரும் களவுபோனவரே. அவரை ஆஸ்திரேலியத் தேசியக் காட்சிக்கூடம் 2008-இல் 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கி, 2014-இல் திருப்பித் தந்தது. அவர் அக்கோயிலுக்குரியவர் என மெய்ப்பிக்கப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய ஒளிப்படங்கள் உதவின.

முடிவுரை

இவ்வொளிப்படங்கள் அருங்காட்சியகங்களின் வருங்காலப் பணியைச் சுட்டுகின்றன. தம்மிடமுள்ள ஒவ்வொரு திருமேனியும் எவ்வூரிலிருந்து, எவர்வழி வந்தது என்பதை அவை விளக்கப் பலகையிலேயே எழுதவேண்டும். கோயில் திருமேனிகளை ஒளிப்படமெடுத்து ஆவணப்படுத்தவும், உலோகத்தைப் பேணவும், ஊர்க் கோயில்களில் காவல் அமைக்கவும் தம் தொழிலறிவை வழங்கவேண்டும். அப்பணி நடந்தேறினால், திருமேனியை ஊருக்குத் திருப்பாமைக்குக் காவலின்மையைக் காரணங்காட்டுதல் இயலாது. பத்தூர்க் கோயில் வென்றது திருமேனியின் உரிமையை. அவ்வுரிமையின் பயன் பத்தூரில் துய்க்கப்படும்போதே அத்தீர்ப்பு முழுமை பெறும்.