இழை படியும் பக்கம்

கார்க் கதவின் உட்புறத்தை மூடியிருக்கும் தட்டைக் குஷன் கடைக்காரர்கள் டோர் பேட் என்பார்கள். புதுக் கார் வாங்கிய வாரமே சீட் கவர் போடுகிறவர்கள்கூட அதைக் கண்டுகொள்வதில்லை. துணி தொங்கி, உள்ளிருக்கும் ஃபோம் மஞ்சள் பொடியாக உதிரத் தொடங்கிய பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதே நினைவுக்கு வரும். உதிர்ந்த டோர் பேடுக்கு ஸ்வேட் துணி போர்த்துவது, பொறுமையும் கூரிய கண்ணும் உள்ள ஒருவர் வீட்டுத் திண்ணையிலேயே செய்து முடிக்கக்கூடிய வேலை. ஆனால் ஸ்வேட் எதையும் மறைக்காத துணி. சுமாரான கைவேலையை ரெக்சின் தன் பளபளப்பில் மன்னித்துவிடும், ஸ்வேட் காட்டிக்கொடுத்துவிடும்.

அசல் ஸ்வேட், தோலின் சதைப்பக்கத்தைத் தேய்த்து மென்மையாக்கிப் பெறுவது. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் தொழிலுக்குப் பழகிய சரக்கு. காலணிக்கும் கையுறைக்கும் அது பொருந்தும். வெயிலும் வியர்வையும் படும் கார்க் கதவுக்குப் பொருந்தாது. தண்ணீர் பட்ட இடம் கறையாக நிற்கும், நிறமும் வெளுக்கும். கார்களில் காணப்படுவது பெரும்பாலும் செயற்கை ஸ்வேட். 1970-ல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ என்ற அறிவியலாளர், தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய பாலியெஸ்டர் இழைகளைப் பாலியூரித்தேனோடு பிணைத்து இதை உருவாக்கினார். இத்தாலியில் தயாராகும் அல்கான்டரா அந்த வழியில் வந்ததுதான். விலை உயர்ந்த கார்களின் ஸ்டியரிங்கிலும் கூரையிலும் இருப்பது அது. பெரம்பலூரிலோ திருச்சியிலோ குஷன் கடையில் சுருளாகக் கிடைப்பது இதைவிட எளிய வகை: மேல்பக்கத்தில் பூ எழுப்பிய பாலியெஸ்டர் பின்னல் துணி, அடியில் மெல்லிய ஃபோம். அதிலும் தரம் உண்டு. விரலால் ஒரு கோடு இழுத்தால் தடம் தெளிவாக விழ வேண்டும், எதிர்ப்பக்கம் தடவினால் அழிய வேண்டும். தடமே விழாத துணி வெறும் வெல்வெட் சாயல். அடியிலுள்ள ஃபோம் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தடித்தால் கதவின் வளைவுகளும் மடிப்புகளும் மொழுக்கென்று ஆகிவிடும்.

ஸ்வேட்டின் அழகும் வம்பும் அந்த நுண்ணிழைகளில்தான். பசுவின் முதுகை மயிர் படியும் பக்கம் தடவினால் ஒரு நிறம், எதிர்த்துத் தடவினால் வேறொரு நிறம், ஸ்வேட்டும் அப்படியே. ஒரே சுருளில் வெட்டிய இரண்டு துண்டுகளில் ஒன்றைத் தலைகீழாக ஒட்டினால் போதும், இரண்டு கடையில் வாங்கிய இரண்டு நிறம்போலத் தெரியும். ஆகவே வெட்டும் முன்பே துணியின் பின்பக்கத்தில் இழை படியும் திசைக்கு அம்புக்குறி போட்டு, நான்கு கதவுக்கும் அதைக் கீழ்நோக்கியே வைக்கிறார்கள். கீழ்நோக்கி என்பதற்குக் காரணம் உண்டு: தூசி தங்காமல் இறங்கும், கை வழக்கமாக உரசும் திசையும் அதுதான். துணியை மிச்சம் பிடிக்க ஒரு துண்டைக் குறுக்கே திருப்பி வெட்டியவர், அந்தச் சிக்கனத்தைக் கதவு திறக்கும்போதெல்லாம் பார்க்க வேண்டியிருக்கும்.

1958 முதல் 2014 வரை தயாரான அம்பாசடரின் காலத்தில் இந்த வேலை எளிதாக இருந்தது. அதன் டோர் பேட் தட்டையான பலகை, மேலே ரெக்சின், சுற்றிலும் கிளிப். பழையதைப் பிரித்து, அதையே அளவாக வைத்து வெட்டி, பின்பக்கம் மடித்து ஒட்டினால் முடிந்தது. இன்றைய டோர் பேட் அச்சில் வார்த்த பிளாஸ்டிக். கைப்பிடிக் குழி, பாட்டில் வைக்கும் பை, ஸ்பீக்கர் வலை, சுவிட்ச் மேடை என்று ஏற்ற இறக்கம் நிறைந்தது. முழுவதையும் போர்த்த நினைப்பது பேராசை. பல கார்களில் நடுவில் துணி போட்ட ஒரு பகுதி தனித் துண்டாகவே இருக்கும். ரசனை உள்ளவர் அந்தப் பகுதியோடு நிறுத்திக்கொள்வார். சுற்றிலும் கரடான பிளாஸ்டிக் இருந்தால்தான் நடுவில் ஸ்வேட் எடுப்பாகத் தெரிகிறது.

கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை எடுத்துவிடுவது நல்லது. சில கார்களில் காற்றுப்பைக்கான சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கிறது. கைப்பிடிக் குழியிலும் சிறு மூடிகளுக்கு அடியிலும் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூக்களை எடுத்துவிட்டு, ஓரத்திலிருந்து பிளாஸ்டிக் நெம்பியால் கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவிக்கிறார்கள். இரும்பு ஸ்க்ரூடிரைவர் பெயின்டில் வடு போடும். பேடுக்குப் பின்னால் கதவில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்கக் கூடாது. கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் உள்பக்கம் வராமல் தடுப்பது அதுதான். அது கிழிந்தால் ஐப்பசி மழையில் புது ஸ்வேட் அடியிலிருந்து நனையும். நடுத்துண்டு பின்பக்கம் உருக்கி அழுத்திய பிளாஸ்டிக் முளைகளால் நிற்கும். அவற்றை வெட்டி எடுத்தால் திரும்பப் பொருத்துவதற்குச் சிறு ஸ்க்ரூவும் வாஷரும் வேண்டும்.

வேலையின் உயிர் பசையில் இருக்கிறது. பெரம்பலூரில் சித்திரை, வைகாசி வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. நிழலில்லாமல் சாத்தி நிற்கும் காருக்குள் 60-ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் மலிவான ஸ்பிரே பசை இளகி, வளைவின் குழிவான இடத்தில் துணி மேலெழும்பிக் கூடாரம் போடும். மரவேலைக்கான வெள்ளைப் பசை பிளாஸ்டிக்கில் பிடிக்கவே பிடிக்காது. குஷன் கடைக்காரர்கள் நம்புவது, எஸ்.ஆர். என்று கேட்டு வாங்கும் ரப்பர் பசையை; அதிலும் வெப்பம் தாங்கும் வகையை. பழைய ஃபோம் தூளை முழுதும் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் கழுவி, உப்புத்தாளால் தேய்த்துக் கரடாக்கிய பிறகே பசை. டோர் பேட் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் என்பதால், வழவழப்பாக விட்டால் எந்தப் பசையும் உரிந்துவிடும். அதற்கென்று விற்கும் பிரைமரை ஒரு கை பூசுவது கூடுதல் பலம். பசையை இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, விரலால் தொட்டால் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதம் வரும் வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் ஈரப்பசை துணி வழியே மேலே ஊறும். ஸ்வேட்டில் ஊறிய பசைக்கு மாற்று மருந்து இல்லை. மழைக்காலத்தின் ஈரக்காற்றில் இந்தப் பதம் சரியாக வராது. தை, மாசிதான் இதற்கு உகந்த காலம். பசையின் ஆவி எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்படிக்கு எட்டாத, காற்றோட்டமான நிழல் தேவை.

ஒட்டுவதை ஓரத்திலிருந்து தொடங்குவது கற்றுக்குட்டியின் அடையாளம். கைதேர்ந்தவர் ஆழமான குழியில் தொடங்கி, உள்ளங்கையால் அழுத்தி வெளியே நகர்வார். மேட்டிலிருந்து மேட்டுக்குத் துணியை இழுத்துவிட்டுப் பிறகு குழிக்குள் திணித்தால், வெயில் வந்ததும் அது பழைய நிலைக்கே இழுத்துக்கொள்ளும். வளைவில் ஹீட் கன்னைத் தள்ளிப் பிடித்து இளஞ்சூடு காட்டினால் துணி இணங்கும். அதிகமாக இழுத்தால் நுண்ணிழைகள் விலகி அடித்துணி வெளுப்பாகத் தெரியும். சூடு மிஞ்சினால் இழைமுனை உருகிப் பளபளக்கும். இழுத்த இழுப்புத் தெரியாமல் இருப்பதுதான் இதில் உயர்ந்த தரம்.

ஓரத்தில் மடிக்க நாலைந்து சென்டிமீட்டர் துணி விட்டு, வெளிவளைவில் முக்கோணமாகவும் உள்வளைவில் நேர்கீறலாகவும் வெட்டிவிடுகிறார்கள். வெட்டு மடிப்புக்கோட்டுக்குச் சற்று முன்பே நின்றுவிட வேண்டும். சுவிட்ச் துளைக்குப் பெருக்கல் குறிபோல் கீறி நான்கு முனையையும் உள்ளே மடிப்பது வழக்கம். அலங்காரத் தையல் மட்டும் வீட்டு மிஷினில் சரிவராது. ஃபோமும் துணியும் சேர்ந்த தடிமனில் தையல் நெளியும். இரண்டு துண்டை இணைத்து இரட்டைத் தையல் ஓட்ட விரும்புகிறவர், துணியை வெட்டிக் குஷன் கடையில் தைத்து வாங்கிவந்து ஒட்டுவதே முறை. கறுப்புத் துணியில் சிவப்பு நூல் ஒரு காலத்து மோகம். அதே நிறத்தில் ஒரு சாயல் தூக்கலான நூல் ஓடிய கதவு, பத்தாண்டு கழித்தும் கண்ணை உறுத்தாது.

நிறத்தை ஊர் மண் தீர்மானிக்கட்டும். அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலைகளில் வெளிறிய தூசி படிகிறது. கன்னங்கரிய ஸ்வேட் அங்கே ஒரே நாளில் சாம்பல் பூத்துவிடும். நடுத்தரச் சாம்பலும் மணல் நிறமும் அந்தத் தூசியைத் தாங்கும். முழங்கை ஊன்றும் ஆர்ம்ரெஸ்ட்டில் ஸ்வேட் கூடவே கூடாது. எண்ணெய்ப்பிசுக்கும் வியர்வையும் இழையைப் படுக்கவைத்துச் சில மாதத்திலேயே வழுக்கைத் திட்டாக்கிவிடும். அந்த இடத்துக்கு அதே நிற ரெக்சின் போதும். பாலிஷ் வகை எதையும் ஸ்வேட் ஏற்காது. வாக்கூம் கிளீனரால் தூசியை எடுத்து, மென்மையான பிரஷ்ஷால் இழையை எழுப்பி, பிறகு கீழ்நோக்கிப் படியவிட்டால் போதும். கறை பட்டால் நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் ஓரத்திலிருந்து உள்நோக்கி ஒற்றி எடுத்து, காய்ந்த பிறகு மறுபடி பிரஷ் போட வேண்டும்.