சாமுவேல் நூல்களில் பாத்திரப் படைப்பு: மீகாள்

சபை நாடகங்களிலும் சபைப் பத்திரிகைச் சிறுகதைகளிலும் வரும் மாந்தர் பெரும்பாலும் ஒரே குணத்தின் உருவங்களாகவே நிற்கின்றனர். குடிகாரத் தந்தை இறுதிக் காட்சியில் மனந்திரும்புவார். ஜெபிக்கும் தாய்க்குத் தொடக்கமுதல் முடிவுவரை சினமே வராது. சமயக் கதை இவ்வாறுதான் அமையவேண்டும் என்போர் திருமறையையே சான்று காட்டுவதுண்டு. சாமுவேல் நூல்களைக் கூர்ந்து கற்போர் இதற்கு இணங்க இயலாது. மீகாளின் வரலாறு ஒன்றே போதும்.

அவள் தாவீதை நேசித்தாள் என்று ஆசிரியர் தெளிவாகக் கூறுகிறார் (1 சாமு. 18:20). எபிரெயக் கதைப்பகுதிகளில் ஒரு பெண் ஓர் ஆடவனைக் காதலித்ததாக வெளிப்படையாகச் சொல்லப்படுவது இங்கு மட்டுமே என்பதை 1981இல் வெளிவந்த தமது நூலில் ராபர்ட் ஆல்ட்டர் சுட்டிக்காட்டியுள்ளார். தாவீது அவளை நேசித்தானா? அதுபற்றி ஒரு சொல்லும் இல்லை. அரசனுக்கு மருமகனாவது அவனுக்குப் பிரியமாயிருந்தது என்பதே நாம் அறிவது (18:26). ஒருவர் உள்ளத்தைத் திறந்தும் மற்றவர் உள்ளத்தை மூடியும் வைப்பதனாலேயே இருவரும் உயிர்பெறுகின்றனர்.

பெயரிடும் முறையையும் கவனிக்க. பலகணி வழியாய்க் கணவனை இறக்கிவிட்டுத் தந்தையை ஏமாற்றும் இரவில் அவள் தாவீதின் மனைவி (19:11). மற்றொரு பலகணி வழியாய் அவன் நடனத்தைக் கண்டு இகழும் நாளில் அவள் சவுலின் குமாரத்தி (2 சாமு. 6:16). இடைப்பட்ட ஆண்டுகளில் அவள் நெஞ்சில் நிகழ்ந்ததை ஆசிரியர் விவரிக்கவில்லை. இடையில் அவர் வைப்பது பல்த்தியேலை. சவுல் அவளை அவனுக்குக் கொடுத்துவிட்டான். அப்னேர் தாவீதுடன் உடன்படிக்கை பேசும் வேளையில், தாவீதின் நிபந்தனையின்படி அவள் பறிக்கப்படுகிறாள். பல்த்தியேல் பகூரிம்வரை அழுதுகொண்டே பின்செல்கிறான். திரும்பிப் போ என்கிறான் அப்னேர். திரும்பிவிடுகிறான் (3:15, 16). ஒரு வார்த்தையும் பேசாத இம்மனிதனை மறக்க இயலுமா? பிறன்மனைவியை வைத்திருந்தவன் என்று அவனை ஒதுக்கும் பிரசங்கி, திருமறை பதிவுசெய்த கண்ணீரைக் காணாதவர். மீகாள் அழுதாளா என்பதைக்கூட ஆசிரியர் சொல்லாதது நம் கருத்தில் இப்பகுதியின் உச்சம்.

இறுதி வசனத்தில்தான் (6:23) நமது பிரசங்கபீடம் பெரிதும் தவறுகிறது. ஆராதனையை ஏளனம் செய்தவளைத் தேவன் மலடியாக்கினார் என்று துணிந்து கூறுகின்றனர். சில மொழிபெயர்ப்புகள் 'ஆகையால்' என்னும் பொருளில் வசனத்தைத் தொடங்குவது உண்மையே. எபிரெயத்தில் இருப்பதோ எளிய இணைப்பிடைச்சொல். தேவன் கர்ப்பத்தை அடைத்தாரா, தாவீது அவளை விலக்கினானா, அவளே விலகினாளா என்பதை ஆசிரியர் கூறாது விடுகிறார். அவர் விட்ட இடத்தை நாம் தண்டனையால் நிரப்பும்போது, பிள்ளைப்பேறற்ற சகோதரிகளும் சபையில் அமர்ந்து கேட்கின்றனர்.

2 சாமு. 21:8இல் மீகாளுக்கு ஐந்து குமாரர் கூறப்படுவது வேறு சிக்கல். ஆதரியேலுக்கு வாழ்க்கைப்பட்டவள் மேராப் (1 சாமு. 18:19), சில கைப்படிகளும் அப்பெயரையே தருகின்றன. எனவே அவ்வசனத்தைக்கொண்டு மீகாளுக்கு ஆறுதலான முடிவொன்றைப் புனையவும் நமக்கு இடமில்லை.