கிட்டப்பாவின் குரலுக்கு யார் வாயசைப்பது?

திருவள்ளூரை அடுத்த பூண்டி நீர்த்தேக்கத்துக்குச் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். சென்னை மேயராக இருந்தபோது நகரத்தின் தாகம் தீர்க்க இந்தத் திட்டத்துக்கு வழி செய்தவர் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி. 1944இல் அணை திறக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. தீரர் சத்தியமூர்த்திக்கு நாடகப் பைத்தியமும் உண்டு. சுகுண விலாச சபையில் வேஷம் கட்டியவர். தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபை 1939இல் தொடங்கியபோது அதன் முதல் தலைவர். நாடகக்காரர்களைக் கூத்தாடிகள் என்று பெரிய மனிதர்கள் ஒதுக்கிய காலத்தில், கே. பி. சுந்தராம்பாளைக் காங்கிரஸ் பிரசார மேடைக்கு அழைத்து வந்தவரும் அவர்தான்.

அந்தச் சுந்தராம்பாளின் வாழ்க்கை இன்றுவரை முழுப் படமாகவில்லை. அவருடைய மேடை ஜோடியான பாடகர் எஸ். ஜி. கிட்டப்பாவுக்கும் அதே கதி. முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்து பாடியபடியே 1940இன் கடைசி நாளில் சென்னை மேடையில் உயிர்விட்டவர் விசுவநாத தாஸ். திரைக்கதாசிரியன் கற்பனை செய்தால் நம்ப மாட்டோம் என்கிற அந்த மரணத்தையும் யாரும் தொடவில்லை. நாடகமேடையிலிருந்தே பிறந்த சினிமாவுக்குத் தன் தாய்வீட்டின் மீது இத்தனை அலட்சியம் ஏன்?

மேடைக் கலைஞரின் வாழ்க்கையைப் படமாக்கும் வேலையை ஹாலிவுட் 1946இலேயே செய்தது. அமெரிக்க மேடைப் பாடகர் அல் ஜால்சனின் கதையைக் கொலம்பியா நிறுவனம் ‘தி ஜால்சன் ஸ்டோரி’ என்ற படமாக்கியது. ஜால்சனுக்கு அப்போது வயது அறுபதை ஒட்டி இருந்தது. தானே நடிக்க ஆசைப்பட்டார்; கிடைத்தது இளம் நடிகர் லாரி பார்க்ஸுக்கு. ஆனால் பாட்டெல்லாம் ஜால்சனே பாடினார், பார்க்ஸ் வாயசைத்தார். ஒரே ஒரு பாட்டில், தூரத்துக் காட்சியில், ஆடுவதும் ஜால்சனே. படம் பெரிய வெற்றி. 1949இல் அடுத்த பாகமும் வந்தது.

வாழ்க்கை விவரங்களில் அந்தப் படம் கூசாமல் பொய் சொல்கிறது. ஜால்சனுக்கு நான்கு திருமணங்கள். படத்தில் ஒரே மனைவி. முன்னாள் மனைவி ரூபி கீலர் தன் பெயரைப் பயன்படுத்த அனுமதிக்காததால் பாத்திரத்துக்கு வேறு பெயர் வைத்தார்கள். வெள்ளைக்காரர் முகத்தில் கறுப்பு மை பூசிக்கொண்டு பாடுவதைப் பற்றி அதற்கு ஒரு சங்கடமும் இல்லை. இத்தனைக்கும் பிறகு படம் நிற்கிறதென்றால் ஒரே காரணம், கேட்கிற குரல் அசல்.

நமக்கு அந்த வாய்ப்பு கைநழுவியது எப்போது? 1933 டிசம்பர் 2 அன்று. செங்கோட்டை கிட்டப்பா அன்று இறந்தார், வயது 27. தமிழ் பேசும்படம் 1931இலேயே வந்துவிட்டது. ஆனால் அவர் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. கன்னையா கம்பெனியின் நாடகங்களில், ஒலிபெருக்கி வராத காலத்தில், கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரனுக்கும் எட்டும்படி பாடிய குரல் இன்று இசைத்தட்டுகளில் மட்டும் இருக்கிறது. அந்த உச்ச சுருதி வித்தைகாட்டல் அல்ல, தொழிலின் தேவை. பாட்டு எட்டாவிட்டால் கூட்டம் எழுந்து போய்விடும்.

கொடுமுடிக்காரர் சுந்தராம்பாள் அவரைச் சந்தித்தது 1926இல், இலங்கையில். கிட்டப்பாவுக்கு ஈடுகொடுத்துப் பாட முடியுமா என்று பலர் பயமுறுத்தினார்கள், ஈடுகொடுத்தார். மேடை ஜோடி வாழ்க்கையிலும் இணைந்தது. ஏற்கெனவே மணமான கிட்டப்பாவோடு அந்த இல்லறம் மனக்கசப்புகளோடுதான் நடந்தது. அவர் இறந்தபோது சுந்தராம்பாளுக்கு 25 வயது. வெள்ளைப் புடவைக்கு மாறினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்.

அதன் பிறகு அவர் ஏற்ற வேடங்களைப் பாருங்கள். 1935இல் லட்ச ரூபாய் ஊதியத்தில் நந்தனார், அதாவது ஆண்வேடம். 1940இல் துறவு பூண்ட மணிமேகலை. 1953இல் ஜெமினியின் ஔவையார். 1964இல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகள். 1973இல் காரைக்கால் அம்மையார். ஜோடி தேவைப்படாத பாத்திரங்களாகவே ஒரு திரைவாழ்வு முழுதும் அமைந்துவிட்டது. ஔவை இளமையை வேண்டாமென்று முதுமை கேட்டு வாங்கும் கதையைப் பார்த்த அக்காலத்து ரசிகனுக்கு, திரையில் நிற்பது ஔவை மட்டுமல்ல என்று தெரியும். தமிழில் ஜால்சன் கதைக்கு இணையாக ஏதாவது உண்டென்றால், சுந்தராம்பாள் தன் குரலிலேயே பாடி நடித்த இந்தச் சில படங்களைத்தான் சொல்ல வேண்டும். யாரும் அவற்றை வாழ்க்கை வரலாறு என்று விளம்பரம் செய்யவில்லை, அவ்வளவே.

நேரடியாக அந்த உலகத்தைத் தொட்டது வசந்தபாலனின் ‘காவியத் தலைவன்’ (2014). நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள், கிட்டப்பா, சுந்தராம்பாள் ஆகியோரின் சாயலில் கற்பனைப் பெயர்கள். ஜெயமோகன் எழுத்து, ஏ. ஆர். ரகுமான் இசை. நாடகக் கம்பெனியின் குருகுலம், பயிற்சி, பொறாமை எல்லாம் அக்கறையோடு வந்திருந்தன. குறை காதில்தான் இருந்தது. பாட்டுகள் இனிமையானவை, ஆனால் இன்றைய ஒலிப்பதிவுக் கூடத்தின் இனிமை அது. மைக்குக்குப் பக்கத்தில் குழைகிற குரலை வைத்துக்கொண்டு மைக் இல்லாத மேடையை எப்படி நம்பவைப்பது?

மராத்தியர்கள் கெட்டிக்காரர்கள். பெண்வேடத்தில் புகழ்பெற்ற நாராயண் ராஜ்ஹன்ஸின் வாழ்க்கையை ‘பாலகந்தர்வா’ என்று 2011இல் எடுத்தபோது, நடிப்பைச் சுபோத் பாவேயிடம் கொடுத்து, பாட்டை ஆனந்த் பாட்டேயிடம் விட்டார்கள். சிறுவயது முதலே அந்த நாடகப் பாட்டில் ஊறியவர் பாட்டே. தேசிய விருதும் அவருக்குக் கிடைத்தது.

தமிழில் அப்படி ஒரு தொண்டைக்கு எங்கே போவது? வெகுதூரம் போகவேண்டாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்டு பஸ்கள் ஓடும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில், திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் இன்றும் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கிறது. இங்கே வேஷக்காரனே பாட வேண்டும். பின்பாட்டுக்காரர் எடுத்துக்கொடுப்பார், ஆர்மோனியமும் மிருதங்கமும் விரட்டும். இப்போது மைக் வந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனாலும் திறந்தவெளியில் பாடிப் பழகிய சாரீரம் அது. கூத்து வேறு, சங்கரதாஸ் வழி நாடகம் வேறு என்று பண்டிதர்கள் மறுப்பார்கள். இலக்கணப்படி அவர்கள் சொல்வது சரி. தொண்டைக்கு மட்டும் இரண்டும் ஏறக்குறைய ஒரே பயிற்சியைத்தான் தருகின்றன.

சுந்தராம்பாள் சட்டமேலவை உறுப்பினரானார், 1970இல் பத்மஸ்ரீ பெற்றார், 1980இல் மறைந்தார். அவர் வாழ்க்கையைப் படமாக்க நினைக்கும் இயக்குநர் யாராவது இருந்தால் ஒரு வேண்டுகோள்: கதாநாயகியை முடிவு செய்வதற்கு முன்னால் பாடகியை முடிவு செய்யுங்கள். அந்தத் தேர்வையும் குளிரூட்டிய அறையில் வைக்காமல், ஒரு கோயில் திடலில் வையுங்கள்.