குவிமாடமும் குடிகளின் சம்மதமும்

மரபு வழியில் ஊரமைத்தால் அயலுறவு தானே தழைக்கும் என்னும் நம்பிக்கை நகரமைப்போர் பலரிடம் வேரூன்றியுள்ளது. அதனை உரைத்துப் பார்க்க எகிப்தின் புதிய குர்னா ஏற்றதோர் உரைகல் என நாம் கருதுகிறோம்.

லக்ஸருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில், பண்டைய கல்லறைகள் நிறைந்த குன்றுகளில் பழைய குர்னா மக்கள் வாழ்ந்து வந்தனர். கல்லறைகளைக் காக்க விரும்பிய தொல்பொருள் துறை, அவர்களுக்கு வேறிடத்தில் ஊரமைக்கும் பணியை 1945இல் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபத்ஹியிடம் (1900–1989) ஒப்படைத்தது. அவர் சிமெண்டை நாடவில்லை. வெயிலில் உலர்த்திய மண் செங்கற்களால், அடியில் மரத்தாங்கல் இன்றியே வளைகூரை எழுப்பவல்ல நூபியக் கொத்தர்களை அஸ்வான் பகுதியிலிருந்து வரவழைத்தார்.

ஊரின் அமைப்பிலும் அவருடைய நுண்ணறிவு புலப்படுகிறது. ஒரு மூத்தவரின் தலைமையை ஏற்று வாழும் பத்து, இருபது குடும்பங்களின் கூட்டத்தை அம்மக்கள் ‘பதனா’ என்பர். ஒவ்வொரு பதனாவும் தனக்கெனப் பொது முற்றம் ஒன்றைச் சூழ்ந்து வாழுமாறு அவர் திட்டமிட்டார். அந்நியர் வீணே நுழையாதிருக்கத் தெருக்களை வளைத்தார். பள்ளிவாசல், சந்தை, பாடசாலைகள், அரங்கு ஆகியவற்றுக்கும் இடம் வகுத்தார்.

எனினும் மக்கள் வர மறுத்தனர். 1940களின் இறுதியில் பணி குறையாகவே நின்றது. 1969இல் கெய்ரோவில் வெளியான ‘குர்னா: இரு கிராமங்களின் கதை’ என்னும் நூலில் ஃபத்ஹி இத்தோல்வியை மறைக்கவில்லை. அதிகாரிகளின் தடைகளையும், கல்லறைகளை நம்பிப் பிழைத்தோரின் எதிர்ப்பையும் விரிவாக விளக்குகிறார். மாற்றுப் பிழைப்புக்குக் கைவினைத் தொழில்களை வளர்க்கவும் அவர் திட்டமிட்டிருந்தார் என்பதை நாம் நேர்மையுடன் குறிப்பிட வேண்டும்.

ஆயினும் அவ்வெதிர்ப்பைப் பெரிதும் ஓர் இடையூறாகவே நூல் காண்கிறது. அதனை ஒரு மறுமொழியாகச் செவிமடுக்கவில்லை என்பதே நம் குறை. ‘இடம்பெயர்வீரா?’ என்னும் முதற்கேள்விக்கு அரசே விடையளித்துவிட்டது. ‘எத்தகைய வீடு?’ என்னும் இரண்டாம் கேள்வியே குடிகளுக்கு எஞ்சியது. அதிலும், அவர்களுக்கு அளிக்கப்பட்ட மரபு தெற்கே நூபியாவுக்குரியது. இறந்தோரின் அடக்கத்தலங்களை நினைவூட்டும் குவிமாடத்தின் கீழ்க் குடியிருக்க அவர்கள் விரும்பவில்லை எனப் பிற்கால ஆய்வாளர் சிலர் கூறுவதும் சிந்திக்கத்தக்கது.

1980இல் ஆகா கான் கட்டடக் கலை விருதின் தலைவர் பரிசு ஃபத்ஹிக்குக் கிடைத்தது. புதிய குர்னாவின் கட்டடங்களோ சிதைந்து வந்தன. 2010இல் அவ்வூர் உலக நினைவுச்சின்ன நிதியத்தின் கண்காணிப்புப் பட்டியலில் இடம்பெற்றது. இதற்கிடையே 2006 முதல் பழைய குர்னாவின் வீடுகளை இடித்து, மக்களை வேறொரு குடியிருப்புக்கு அரசு பெயர்த்தது. அறுபதாண்டுகளுக்குப் பின்னும் முதற்கேள்வி அவர்களிடம் விடப்படவில்லை.

முற்றமும் வளைந்த தெருவும் அயலுறவுக்குத் துணை செய்யும், அதனைப் பிறப்பிக்கமாட்டா. கலந்தாலோசனையின் பெயரையே ஓர் அத்தியாயத்துக்குத் தாங்கிய வேதத்தையுடைய சமுதாயத்தில், ஊரமைப்பு வரைபடத்திலன்று, குடியேறுவோரின் சம்மதத்தில் தொடங்குவதே முறை.