உசார் எங்கே போனது?

நாவலையில் திறந்த பல்கலைக்கழக வகுப்பு முடிந்து நுகேகொடைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்ற நேரம், என் சிறுகதை வெளியாகியிருந்த சஞ்சிகையைப் பிரித்தேன். ஒரு கிழமை காய்ச்சலில் கிடந்து எழும்பிய உம்மம்மாவைப் பற்றி அயல்வீட்டுப் பெண், "இப்ப நல்ல உசார்" என்று சொல்வதாக எழுதியிருந்தேன். அச்சில், "இப்ப நல்ல உற்சாகம்" என்றிருந்தது. கஞ்சி குடிக்கத் தொடங்கிய கிழவி, கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவளாகிவிட்டாள்!

ஆசிரியர் கெட்ட எண்ணத்தோடு திருத்தவில்லை. 'உசார்' பேச்சுச் சொல், 'உற்சாகம்' எழுத்துச் சொல் என்று நினைத்திருப்பார். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. உற்சாகம் மனதைச் சேர்ந்தது. உசாரில் உடம்பும் உண்டு. கட்டிலில் கிடப்பவனுக்கும் உற்சாகம் வரலாம். உசார் வந்தால் அவன் கட்டிலில் கிடக்கமாட்டான்.

உருதுவில் இது 'ஹோஷியார்'. 'ஹோஷ்' என்றால் உணர்வு. மயங்கிக் கிடப்பவனை 'பேஹோஷ்' என்பார்கள். அந்த விழிப்பைத் தமிழ்நாடு எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டது. நாம் தெம்பாக எடுத்துக்கொண்டோம். இதில் நாம் தனித்தவர்களுமல்லர். மலையாளத்தில் 'உஷார்', தெலுங்கில் 'ஹுஷாரு' இரண்டும் சுறுசுறுப்பையே குறிக்கும். கன்னடத்தில் 'ஹுஷாரில்ல' என்றால் உடம்புக்குச் சரியில்லை என்று பொருள். உம்மம்மாவின் அயல்வீட்டுக்காரி பேசியது கொச்சையல்ல.

இப்போது நம் சஞ்சிகைகளில் இந்தச் சொல் இரண்டு பக்கத்தாலும் நெருக்கப்படுகிறது. கதைகளில் 'உற்சாகம்' அதன் இடத்தைப் பிடிக்கிறது. செய்தித் தலைப்புகளில் தமிழ்நாட்டு வார இதழ்களைப் பார்த்து எழுதிய 'உஷார்' வந்து நிற்கிறது. 'பொலிஸார் உஷார்' என்ற தலைப்புக்குத் தரம் ஒன்பது மாணவன் ஒருவன், "பொலிஸார் சுகமாக இருக்கிறார்கள் சேர்" என்று விளக்கம் சொன்னான். சிரித்தேன். ஆனாலும் அவன் தன் வீட்டுத் தமிழில் சரியாகத்தான் வாசித்திருக்கிறான்.

'உற்சாகம்' தேய்ந்த கதை வேறு. பாடசாலை விழா அறிக்கைகளில் மாணவர்கள் எப்போதும் "உற்சாகமாகக் கலந்துகொண்டனர்". இரண்டு மணிநேரம் வெயிலில் நின்ற பிள்ளைகளைப் பற்றி நானே அப்படி எழுதியிருக்கிறேன்.

எல்லா இடத்திலும் 'உசார்' போடச் சொல்லவில்லை. மண்வாசனைக்காக நாலு வரிக்கொரு தரம் தூவுவோரும் நம்மிடையே உள்ளனர், அதுவும் சலிப்பே. ஆனால் பாத்திரம் பேசுமிடத்தில் அதன் வாயைத் திருத்த ஆசிரியருக்கு என்ன உரிமை? 1960களில் பேச்சுத்தமிழை 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர்கள் ஒதுக்கியபோது, முற்போக்கு எழுத்தாளர்கள் எதிர்த்து வாதாடினார்கள். அந்த வாதத்தின் பயனை அனுபவிக்கும் சஞ்சிகைகளிலேயே இப்போது ஓசையில்லாமல் திருத்தம் நடக்கிறது.

தொகுப்புக்காகக் கதையை மீண்டும் படியெடுத்தபோது 'உசார்' என்றே எழுதியிருக்கிறேன். கணினியில் தட்டுபவர் 'ச'வை 'ஷ' ஆக்காமல் விட்டால் சரி.