எருசலேமில் இடம் கிடைக்காதவர்

இறையழைத்தல் முகாம்களில் இளைஞர்களிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: கடவுள் உன்னை எதற்காகப் படைத்தார்? நல்ல கேள்விதான். ஆனால் அது கேட்கப்படும் விதத்தில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு திட்டம் முன்பே எழுதி உறையிலிட்டு ஒட்டப்பட்டிருக்கிறது, சரியான முறையில் செபித்தால் உறை பிரிந்துவிடும் என்ற நம்பிக்கை அது. உறை பிரியாதவர்கள் தங்களிடம்தான் குறை என்று எண்ணிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள்.

இந்த நம்பிக்கைக்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படுபவர் இலொயோலா புனித இஞ்ஞாசியார். அவர் வகுத்த ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ முப்பது நாள் மௌனத்தில் ஒருவர் தம் வாழ்வின் நோக்கத்தைத் தேடித் தெளிய உதவும் முறை. 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அதற்கு ஒப்புதல் அளித்தார். இன்றும் இயேசு சபையில் சேரும் ஒவ்வொருவரும் அதைச் செய்கிறார். சபைக்கு வெளியிலும் எண்ணற்றோர் செய்கிறார்கள். கிறிஸ்தவ மரபு தந்த அகச்சோதனை முறைகளில் இதற்கு இணையானதாக நான் எதையும் கருதவில்லை. அதனாலேயே இதன் பலத்தையும் பழுதையும் கூச்சமின்றிப் பேச வேண்டியிருக்கிறது.

தொடக்கம் ஒரு நோயாளிப் படுக்கை. 1521 மே 20 அன்று பாம்பலோனா கோட்டையைக் காத்து நின்ற இஞ்ஞாசியாரின் காலைப் பிரெஞ்சுப் படையின் பீரங்கிக் குண்டு சிதைத்தது. மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தவர் படிக்க வீரசாகசக் கதைகள் கேட்டார். வீட்டில் இருந்தவையோ சாக்சனி லுடோல்ஃப் எழுதிய கிறிஸ்து வரலாறும் புனிதர்களின் வரலாறும்தான். படித்துக்கொண்டே கனவு கண்டார். ஒரு பெருமாட்டிக்காகப் புரியப்போகும் வீரச்செயல்கள் ஒரு கனவு; பிரான்சிஸ் அசிசியாரும் தோமினிக்கும் செய்ததைத் தாமும் செய்வது இன்னொரு கனவு. காணும்போது இரண்டுமே இனித்தன. முடிந்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது: முதலாவது வறட்சியை விட்டுச் சென்றது, இரண்டாவது மகிழ்ச்சியை. அவர் கண்டறிந்தது இவ்வளவுதான். ஓர் எண்ணம் எவ்வளவு இனிக்கிறது என்பதை விட்டுவிட்டு, அது விலகிய பின் உள்ளத்தை எந்த நிலையில் வைத்துவிட்டுப் போகிறது என்று பார்க்கத் தொடங்கினார். பிற்காலத்தில் அவர் எழுதிய விதிகள் அனைத்துக்கும் இதுவே வேர்.

இந்த முறையின் பலம் முழுமையாக விளங்க மன்ரேசா ஊருக்குப் போக வேண்டும். 1522 மார்ச்சில் மொன்செராத் மலையில் மாதா பீடத்தின் முன் வாளைக் கழற்றி வைத்துவிட்டு அங்கே வந்து சேர்ந்தவர், ஏறத்தாழ பதினோரு மாதம் தங்கினார். சில நாள் தங்கிவிட்டுப் போவதாகத்தான் வந்திருந்தார். அங்கே மனச்சாட்சியின் நச்சரிப்பு அவரைப் பிடித்துக்கொண்டது. அறிக்கையிட்ட பாவங்களையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டார். ஒரு வாரம் எதுவும் உண்ணாமல் கிடந்தார். தம் அறையிலிருந்த குழியில் குதித்து உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம்கூட வந்தது. உண்ணும்படி கட்டளையிட்டு உண்ணாநோன்பை முடித்துவைத்தவர் அவருடைய ஆன்ம குரு. பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று பின்னர் இஞ்ஞாசியாரே துணிந்தார். அந்த நச்சரிப்பு பக்தியின் உருவில் வந்தது, விளைவோ அழிவாக இருந்தது என்பதைக் கண்ட பிறகே அந்தத் துணிவு வந்தது.

பிறகு பார்சலோனாவில், முப்பது வயதைத் தாண்டிச் சிறுவர்களோடு சேர்ந்து இலத்தீன் இலக்கணம் படிக்க அமர்ந்தபோது இன்னொரு சோதனை. வினைச்சொற்களை மனப்பாடம் செய்ய முயலும் போதெல்லாம் ஆழ்ந்த ஆன்மிக விளக்கங்கள் உள்ளத்தில் ஊற்றெடுத்தன. செபத்தில்கூட வராதவை பாடவேளையில் வந்தன. அதை அவர் சோதனை என்று முடிவுசெய்தார். ஆசிரியரிடம் போய் நடந்ததைச் சொல்லி, இனிப் பாடத்தைத் தவறவிடமாட்டேன் என்று வாக்களித்தார். கடவுளைப் பற்றிய இனிய எண்ணமே தவறான நேரத்தில் வந்தால் ஏமாற்றாக இருக்கலாம் என்று சொல்லும் துணிவு பக்தி நூல்களில் அரிது. ‘ஆண்டவர் எனக்கு உணர்த்தினார்’ என்ற ஒரு வரியில் எல்லா விசாரணையும் முடிந்துவிடும் நம் காலத்துக்கு இந்தக் கண்டிப்பு மிகவும் தேவை.

பயிற்சி நூலின் விதிகளில் இந்த அனுபவம் செறிந்திருக்கிறது. உள்ளம் வறண்டிருக்கும் காலத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்கிறது ஒரு விதி. யாருக்கும் தெரியாமல் இரகசியமாக வைத்துக்கொள்ளத் தூண்டும் எண்ணத்தைச் சந்தேகி, தகுந்த ஒருவரிடம் திறந்து சொல் என்கிறது மற்றொன்று. எனக்கு மிகப் பிடித்தது பதினைந்தாம் முற்குறிப்பு. பயிற்சி தருபவர் துலாக்கோலின் முள்போல நடுவில் நிற்க வேண்டும். துறவறம் பக்கமோ இல்லறம் பக்கமோ சாய்க்கக் கூடாது. படைத்தவரே தம் படைப்போடு நேரடியாக உறவாட விட்டுவிட வேண்டும். பதினாறாம் நூற்றாண்டில் இப்படி எழுதுவது ஆபத்தாக இருந்தது. அல்கலாவிலும் சலமாங்காவிலும் திருச்சபை அதிகாரிகள் அவரைச் சிறையில் வைத்தே விசாரித்தார்கள். ஆளை ஆட்டுவிக்காத வழிகாட்டி என்ற இலட்சியத்தை இன்றைய வழிகாட்டிகள் எத்தனை பேர் கடைப்பிடிக்கிறார்கள் என்பது வேறு கேள்வி. சபைக்கு ஆள் தேவைப்படும்போது சபை உறுப்பினரே வழிகாட்டியாக அமர்ந்தால் முள் சாயாமல் இருப்பது கடினம். அழைத்தலைத் தேடி வருபவர்களுக்கு அந்தச் சபையைச் சேராத ஒருவரே வழிகாட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி எருசலேமுக்கு வருவோம். மன்ரேசாவை விட்டுப் புறப்பட்ட இஞ்ஞாசியாருக்குத் தம் வாழ்வின் நோக்கம் தெளிவாக இருந்தது: கிறிஸ்து நடந்த மண்ணிலேயே தங்கி ஆன்மாக்களுக்கு உதவுவது. 1523 செப்டம்பரில் அங்கே போய்ச் சேர்ந்தார். புனித இடங்களைப் பராமரித்த பிரான்சிஸ்கன் தலைவர், தங்க அனுமதியில்லை என்றார். மீறினால் திருச்சபையிலிருந்து விலக்கும் அதிகாரம் தமக்கு உண்டு என்றும் சொன்னார். மூன்று வாரம்கூட ஆகாமல் திரும்ப வேண்டியதாயிற்று. ஆனாலும் கனவு விடவில்லை. 1534 ஆகஸ்டு 15 அன்று பாரிசின் மோன்மார்த்தரில் தோழர்களோடு எடுத்த வாக்குறுதியிலும் எருசலேம் இருந்தது. கப்பல் கிடைக்காவிட்டால் திருத்தந்தையிடம் தங்களை ஒப்படைப்பது என்று ஒரு மாற்றுவழியும் இருந்தது. 1537இல் வெனிசில் காத்திருந்தார்கள். துருக்கியரோடு மூண்ட போரால் கப்பல் புறப்படவில்லை. உரோமைக்குப் போனார்கள். 1540இல் இயேசு சபை பிறந்தது.

அகத்தெளிவின் பேராசானே தம் வாழ்வின் மையக் கேள்வியில் இடத்தைத் தவறாகக் கணித்தார் என்பதை மூடி மறைக்கத் தேவையில்லை. அவருடைய முறையைப் புரிந்துகொள்ள இதுவே நல்ல வாயில் என்று நினைக்கிறேன். ஏனெனில் இதே கதை அவருடைய தோழர் சவேரியாரிடமும் நிகழ்கிறது, அதுவும் நம் மயிலாப்பூரில். முத்துக்குளித்துறையில் பரதவரிடையே உழைத்த பிரான்சிஸ் சவேரியார் 1545இல் சாந்தோமில் சில மாதம் தங்கி, புனித தோமாவின் கல்லறையருகே அடுத்து என்ன செய்வதென்று செபித்தார். மலாக்கா பக்கம் போவதே கடவுளின் திருவுளம் என்று மிகுந்த உள்ளாறுதலோடு உணர்ந்ததாகக் கடிதம் எழுதினார். அங்கிருந்து மக்காசருக்குப் போவது திட்டம். மலாக்கா போனார், மக்காசருக்கு ஒருநாளும் போய்ச் சேரவில்லை. அம்போன், மொலுக்காஸ் தீவுகளிலும் அதன் பிறகு ஜப்பானிலும்தான் அவர் வேலை விரிந்தது.

இருவரிடமும் திட்டம் பொய்த்தது, திசை பொய்க்கவில்லை. பயிற்சிகளின் முதல் பக்கங்களில் வரும் அடிப்படைக் கோட்பாடும் இதைத்தான் ஆதரிக்கிறது. நலமோ நோயோ, செல்வமோ வறுமையோ, நீண்ட ஆயுளோ குறுகிய ஆயுளோ, எதிலும் ஒட்டிக்கொள்ளாத விடுதலையை அது கேட்கிறது. கடவுள் தரும் அடையாளம் அந்த விடுதலைதான்; வேலையும் ஊரும் அதிலிருந்து பிறப்பவை, மாறக்கூடியவை. தெளிதேர்வை, அதாவது உள்ளத்தின் எண்ணங்களைச் சோதித்துத் தேரும் இந்த முறையை, எதிர்காலம் சொல்லும் கருவியாகப் பயன்படுத்துவோர் வரிசையைத் தலைகீழாக்குகிறார்கள். பதவி, படிப்பு, துணை என ஒன்றைக் குறிவைத்துத் தியானத்துக்கு வந்து, அதற்குத் தெய்வ முத்திரை பெற்றுத் திரும்புகிறார்கள். திட்டம் உடைந்தால் கடவுளே உடைந்துபோகிறார்.

இதுவரை சொன்னவை முறையைத் தவறாகக் கையாள்வதால் வரும் கேடுகள். முறைக்குள்ளேயே ஒரு பழுது இருக்கிறது. அதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்தச் சோதனை உள்ளத்துக்குள் கூர்மையாகப் பார்க்கிறது. உள்ளம் பிறந்து வளர்ந்த சமூகத்தைப் பார்ப்பதில்லை. ஆறுதல் எங்கிருந்து வருகிறது என்று கேட்க விதிகள் நல்ல ஆவியையும் தீய ஆவியையும் காட்டுகின்றன. குடும்பத்தின் குரல், சாதியின் குரல், பழகிப்போன வசதியின் குரல் ஆகியவையும் ஆறுதலின் உருவில் பேசும் என்று நூல் எச்சரிக்கவில்லை.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் இயேசு சபையார் எழுப்பிய கோவில் இடையே ஒரு சுவரோடு இரண்டு கைகளாகப் பிரிந்து நின்றது, ஒரு சாதியார் இன்னொரு சாதியாரோடு கலக்காமல் ஒரே பலிபீடத்தைப் பார்ப்பதற்காக. அதைக் கட்டியவர்களும் முப்பது நாள் பயிற்சியைச் செய்தவர்கள். நாள்தோறும் மனச்சாட்சியை ஆராய்ந்தவர்கள். அவர்களுடைய ஆராய்ச்சியில் அந்தச் சுவர் பாவமாகத் தட்டுப்படவில்லை. 1910இல் தடுப்பை இடித்தவரும் ஓர் இயேசு சபைக் குருதான் என்பதை நேர்மையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே முறை ஒருவரைப் பார்வையற்றவராக்குகிறது என்று நான் சொல்லமாட்டேன். முறை மட்டும் போதாது என்பதற்கு முப்பத்தெட்டு ஆண்டுகள் நின்ற அந்தச் சுவரைக் காட்டுவேன்.

நிறுவனத்தின் சுவர் இன்னொரு வகை. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலைத் தமிழுக்குத் தந்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் யூத வழிவந்தவர். அந்தக் காரணத்துக்காகவே பிரான்சிஸ்கன் சபையை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. இயேசு சபை அவரை ஏற்றது. அரை நூற்றாண்டுக்கு மேல் இங்கே உழைத்து, தமிழைக் கற்று, இலக்கணம் எழுதி, 1600இல் இந்த மண்ணிலேயே இறந்தார். அவர் உயிரோடிருக்கும்போதே, 1593இல், யூத, முகமதிய வழிவந்தவர்களுக்குச் சபையின் கதவு மூடப்பட்டது. பின்னர் ஓரளவு தளர்த்தப்பட்ட அந்தத் தடை 1946இல்தான் முற்றிலும் நீங்கியது. ஓர் இளைஞர் தியானத்தில் எவ்வளவு தெளிவாக அழைப்பைக் கேட்டிருந்தாலும் அவருடைய பாட்டனின் பெயர் அதைவிடப் பலமாக இருந்த காலம் அது. படைத்தவரே நேரடியாக உறவாடட்டும் என்ற பதினைந்தாம் குறிப்பு கதவருகே நின்றுவிட்டது.

பெண்களுக்கும் அப்படித்தான். இஞ்ஞாசியாரின் படிப்புக் காலத்தில் பணம் தந்து தாங்கிய பார்சலோனாவின் இசபெல் ரொசேர், தமக்கும் அதே அழைப்பு என்று நம்பி, திருத்தந்தையின் அனுமதியோடு 1545இல் சபையின் வாக்குறுதிகளை எடுத்தார். மறு ஆண்டே இஞ்ஞாசியார் அவரை விடுவித்துவிட்டார். பெண்கள் பிரிவை ஏற்காததற்கு நிர்வாகக் காரணங்கள் இருந்தன. ஆனால் தீய ஆவியின் கோழைத்தனத்தை விளக்கப் பெண்ணின் குணத்தை உவமையாக்கும் விதி ஒன்று பயிற்சி நூலிலேயே இருப்பதைப் படிக்கும்போது, காரணம் நிர்வாகம் மட்டும்தானா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்த விதியைப் பயிற்சியாளர்கள் இன்று சொல்மாற்றித் தருவது சரியே.

பதினெட்டாம் முற்குறிப்பும் என்னை உறுத்துகிறது. படிப்போ இயல்பான ஆற்றலோ குறைந்தவர்களுக்கு எளிய செபமுறைகளைத் தந்து பாவசங்கீர்த்தனத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், வாழ்க்கைத் தேர்வு பற்றிய பகுதிக்குப் போக வேண்டாம் என்கிறது அது. ஆளுக்கேற்ற அளவு என்ற கனிவு அதில் உண்டு. ஆனால் நடைமுறையில் விளைவது இது: நோக்கத்தைத் தேடும் உரிமை படித்தவருக்கும், ஒரு மாதம் வேலையை விட்டு வர முடிந்தவருக்கும் போகிறது. பழையகாயல், புன்னைக்காயல் கரைகளில் வலை இழுப்பவருக்கும் மீன் விற்பவருக்கும் மிஞ்சுவது ஒழுக்க அறிவுரை.

இதற்கு மாற்று அதே நூலில் அடுத்த குறிப்பிலேயே இருக்கிறது. வேலையை விட முடியாதவர் நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, மாதக்கணக்கில், வீட்டிலிருந்தே முழுப் பயிற்சியையும் செய்யலாம் என்கிறது பத்தொன்பதாம் குறிப்பு. தமிழகப் பங்குகளில் மூன்று நாள் மௌன தியானங்களுக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பகுதியை இதற்குத் திருப்பலாம். தேர்வுப் பகுதியை யாருக்கும் மறுக்காமல் தரலாம். வழிகாட்டிகளாகப் பெண்களையும் பொதுநிலையினரையும் பயிற்றுவிக்கலாம். உள்ளத்தின் அசைவுகளைக் கேட்கும் கேள்விகளோடு இன்னும் இரண்டைச் சேர்க்கலாம்: நீ எடுக்கப்போகும் முடிவால் யார் சுமை கூடுகிறது? அவர்களிடம் கேட்டாயா? இந்த இரண்டுக்கும் விடை வராத வரை, உள்ளம் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் தேர்வை முடிந்ததாக எழுத வேண்டாம்.